ஜானகி அம்மாள்: குரோமோசோம்களை எண்ணியவர்

தலச்சேரியில் 1897-இல் பிறந்த ஜானகி அம்மாள், சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1931-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில், கரும்பை மக்காச்சோளம் முதலிய புல்லினங்களுடன் கலப்புச் செய்து, அவற்றின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணி ஆராய்ந்தார். பின்னர் இங்கிலாந்தில் டார்லிங்டனுடன் இணைந்து, பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து 1945-இல் நூலாக வெளியிட்டார்.

விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகளுக்கு அவர் இட்ட மருந்து கோல்கிசின். உயிரணு இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்கள் விலகிச் செல்வதை இது தடுக்கும். அதனால் தாவரத்தில் அவை இரட்டிப்பாகின்றன. மனித உயிரணுவிலோ எண்ணுவதற்கு ஏற்ற நிலையில் நிற்கின்றன. மனிதருக்கு 48 என்று நெடுங்காலம் நம்பப்பட்ட எண்ணிக்கை 46 தான் என்று 1956-இல் ஜியோ, லெவான் ஆகியோர் அறிவித்ததும் இம்மருந்தின் துணையுடனே. டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளுள் பெரும்பாலோர்க்கு 47 இருக்கும். இதனை உறுதிசெய்யக் குழந்தையிடமிருந்து சிறிதளவு இரத்தமே எடுக்கப்படுகிறது. கோல்கிசினோ அதனையொத்த மருந்தோ ஆய்வகத்தில் அந்த இரத்த அணுக்களில் சேர்க்கப்படுமேயன்றிக் குழந்தைக்குச் செலுத்தப்படுவதில்லை. பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. அணுக்களை வளர்த்தெடுக்க வேண்டியிருப்பதால் முடிவு வரச் சில நாட்களாகும்.

தாயகம் திரும்பிய அவர், முதுமையிலும் சென்னை மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் மூலிகைகளை ஆராய்ந்து, 1984-இல் காலமானார். கோல்கிசின் நம் செங்காந்தளிலும் உண்டு. தரங்கம்பாடி போன்ற கடலோரப் பகுதிகளில் வேலியோரம் படரும் இக்கொடியின் கிழங்கைக் கண்வலிக் கிழங்கு என்பர். அதனை உண்பது உயிருக்கே ஆபத்தாகும். தவறுதலாக உண்டவரை, வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும்வரை காத்திராமல், 108 ஊர்தியை அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.