அந்திரேஸ் பெல்லோ

"எனது" என்னுஞ் சொல் கையிலுள்ள பொருளைக் குறிப்பதா, உரிய பொருளைக் குறிப்பதா? இவ்வினாவை ஸ்பானிய மொழியில் நுணுகி நோக்கிய பேரறிஞர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க வரைகின்றோம்.

அந்திரேஸ் பெல்லோ என்பார் தென்னமெரிக்காவில், வெனிசுவேலா நாட்டுக் காராக்காஸ் நகரில், 1781 ஆம் ஆண்டு நவம்பர் 29 ஆம் நாள் பிறந்தார். பின்னாளில் விடுதலை வீரராய் விளங்கிய சிமோன் பொலிவாருக்குச் சின்னாள் ஆசிரியராயிருந்தார். 1810 இல் அப்பொலிவாருடன் இலண்டனுக்குத் தூது சென்றார். பொலிவார் அவ்வாண்டே மீண்டார், பெல்லோ மீளவில்லை. பத்தொன்பது ஆண்டுகள் அந்நகரில் வறுமையோடு போராடினார். தனிப்பாடஞ் சொல்லியும், ஜேம்ஸ் மில்லின் வேண்டுகோளால் பெந்தாமின் படித்தற்கரிய கையெழுத்தைப் பெயர்த்தெழுதியும் மனைமக்களைப் புரந்தார். முதன் மனைவியாரை 1821 இல் இழந்தார். இத்துணை இடுக்கணிலும் பிரிட்டிஷ் மியூசிய நூல்நிலையத்தில் பழைய காஸ்தீலியக் காப்பியத்தை ஆராய்ந்து கொண்டிருந்தார் என்பது வியக்கற்பாலது.

1829 இல் சிலி நாடு அவரை அழைத்துக்கொண்டது. 1843 இல் அந்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் முதற்றலைவரானார்.

இலத்தீன் சிதைந்து பன்மொழிகளாய்ப் பிரிந்தாற்போல, புதிதாய் விடுதலையுற்ற நாடுகளில் ஸ்பானியமும் சிதறிவிடுமோ என்று அவர் அஞ்சினார். 1847 இல் அவர் வெளியிட்ட காஸ்தீலிய இலக்கணம், அமெரிக்கர்க்கென்றே எழுதப்பட்டதெனத் தலைப்பிலேயே கூறுகின்றது. ஆயினும் அமெரிக்க வழக்கனைத்தையும் அவர் பழித்தாரல்லர். ஸ்பெயினின் மாகாணங்களுக்குள்ள உரிமை சிலிக்கும் வெனிசுவேலாவுக்கும் உண்டென்றார்.

அந்நூலில் உடைமை குறிக்குஞ் சொற்களைப் பற்றிய பகுதி எம்மைப் பெரிதும் கவர்ந்தது. ஸ்பானியத்தில் "மி" என்பது எனது. பொருள் பன்மையாயின் "மிஸ்" என்றாகும். எமது என்னும் பொருளதான "நுவெஸ்த்ரோ", பெண்பாற் பெயரோடு வருங்கால் "நுவெஸ்த்ரா" எனத் திரியும். உடையவர் ஆணோ பெண்ணோ என்பது பற்றி அத்திரிபு நிகழ்வதில்லை. உடைமைப் பெயரின் பாலும் எண்ணுமே அதனை ஆள்கின்றன. பெயர்க்குப் பின் "மியோ" என முழுமையாய் நிற்குஞ் சொல்லே முன்வருங்கால் "மி" எனக் குறைகின்றது என்று பெல்லோ விளக்கினார். அமெரிக்கப் பேச்சில் அவனது, அவளது, அவர்களது, தங்களது என்னும் அனைத்திற்கும் "சூ" ஒன்றே நிற்றலின், பொருள் மயங்குமிடத்து "அவனுடைய" என விரித்துரைத்தல் வேண்டியதாகின்றது.

இச்சொற்கள் காட்டுவது கைக்கொண்டிருத்தல் என்பதினும் உரியதாதல் என்பதே பொருந்தும் என்றார் பெல்லோ. எனது தாய், எனது நாடு என்னுமிடத்து யாரே எதனைக் கைக்கொண்டார்? நம் இலக்கணிகள் ஆறாம் வேற்றுமைக்குக் கிழமை என்று பெயரிட்டு, அதனைத் தற்கிழமை, பிறிதின்கிழமை எனப் பகுத்ததும் இக்கருத்திற்கு அயலன்று. சிலியின் உரிமையியற் சட்டத்தைப் பல்லாண்டு உழைத்து எழுதியவரும் அவரே. அது 1855 இல் நிறைவேறிற்று. சொத்துரிமை வேறு, கைப்பற்று வேறு என அதனுட் பிரித்துரைத்தவர் இலக்கணத்திலும் அவ்வேறுபாட்டை மறவாமை இயல்பே.

மக்கட் பேச்சு முழுதும் அவர்க்குப் பணிந்ததில்லை. ஒருவரை "வோஸ்" என்று விளிக்கும் வழக்கை அவர் கடிந்தும், சிலியில் அதன் சுவடு இன்றளவும் மறையவில்லை.

மக்கள் பலரைத் தம் கண்முன்னே இழந்து, 1865 ஆம் ஆண்டு அக்டோபர் 15 ஆம் நாள் சாந்தியாகோ நகரில் பெல்லோ மறைந்தார். இருபத்தெட்டாம் வயதில் நீங்கிய காராக்காஸை அவர் மீண்டுங் கண்டிலர். அவர்தம் இலக்கணத்திற்குக் கொலம்பிய அறிஞர் குவெர்வோ 1874 இல் குறிப்புரை வரைந்தார்.