சேவை செய்ய டிகிரி எதுக்கு? – ஆலிஸ் சாலமன் கதை



போன மாசம் ஹாஸ்டல் மெஸ்ஸுல ஒரு பேச்சு வந்துச்சு. பிளேஸ்மென்ட் முடிஞ்சு, ஆஃபர் லெட்டர் வாங்கினவங்க எல்லாரும் ஜாயினிங் தேதிக்காகக் காத்திருக்கிற நேரம். பி.இ. முடிச்சதும் எம்.எஸ்.டபிள்யூ. படிக்கலாமான்னு யோசிக்கிறேன்னு நான் வாய் தவறிச் சொல்லிட்டேன். எங்க டேபிளே அமைதியாயிடுச்சு. அப்புறம் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் வேற வேற மாதிரி கேட்டாங்க. நாலு பேருக்கு உதவி செய்ய எதுக்குடி ரெண்டு வருஷம் படிப்பு? நல்ல மனசு இருந்தா போதாதா? வேலைக்குப் போய்ச் சம்பாதிச்சு, லீவு நாள்ல ஒரு இல்லத்துக்குப் போய்ச் சாப்பாடு போட்டா ஆச்சே?

எனக்குப் பதில் சொல்லத் தெரியல. கேள்வி நியாயமாத்தான் பட்டுச்சு. ரூமுக்கு வந்து, இப்படி ஒரு படிப்பு எப்படித்தான் வந்தது, யார் ஆரம்பிச்சாங்கன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். அப்போ கிடைச்சவர்தான் ஆலிஸ் சாலமன். ஜெர்மனியில் அவர் பெயரில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியே இருக்கு. சமூகப் பணி படிக்கிறவங்களுக்கு அவர் தெரிஞ்ச பெயர். நம்ம பக்கம் அவ்வளவா யாரும் பேசினதில்ல. அதனால இந்த இதழில் அவர் கதையைச் சொல்லலாம்னு நினைச்சேன்.

ஆலிஸ் 1872 ஏப்ரல் 19 அன்று பெர்லினில் பிறந்தார். வசதியான யூதக் குடும்பம். அப்பா தோல் வியாபாரி. அந்தக் காலத்து வசதியான வீட்டுப் பெண்களுக்கு ஒரு வரைபடம் இருந்தது. பதினைந்து வயதுக்குள் பள்ளிப் படிப்பு முடிந்துவிடும். அதற்கு மேல் தையல், பூவேலை, பியானோ, விருந்தாளிகளுக்கு உபசாரம். இதெல்லாம் செய்துகொண்டே மாப்பிள்ளைக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். ஆலிஸுக்கு டீச்சர் ஆக வேண்டும் என்று ஆசை. வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல குடும்பத்துப் பெண் சம்பளத்துக்கு வேலை பார்ப்பதா என்பது அந்தக் காலத்து மரியாதைப் பிரச்சினை. அப்பாவும் 1886-லேயே இறந்துவிட்டார். படிப்பு முடிந்ததும் ஆலிஸ் வீட்டுக்குள் சும்மா உட்கார்ந்திருந்த வருஷங்கள் ஒன்றிரண்டு இல்லை. எனக்கு ஒரு செமஸ்டர் லீவே போர் அடிக்கும். அவங்க எப்படித் தாங்கினாங்களோ தெரியல.

1893-ல் பெர்லினில் ஒரு புது அமைப்பு தொடங்கியது. பெண்களைக் குழுக்களாகச் சேர்த்து சமூக உதவி வேலைகளில் ஈடுபடுத்துவதுதான் அதன் நோக்கம். ஆலிஸ் அதில் சேர்ந்தார். அப்போது அவருக்கு 21 வயது. தன் வாழ்க்கையே அப்போதுதான் ஆரம்பித்தது என்று பிற்காலத்தில் அவர் எழுதியிருக்கிறார். இந்த இடத்துல நான் கொஞ்ச நேரம் படிக்கறதை நிறுத்திட்டேன். எனக்கும் இப்போ அதே வயசுதான்.

அன்றைய பெர்லின் வேகமாக வளர்ந்துகொண்டிருந்த தொழில் நகரம். கிராமங்களில் இருந்து வேலை தேடி வந்த குடும்பங்கள் ஒரே அறையில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. வெளிச்சமே வராத உள்முற்றத்து வீடுகள், காசநோய், நாள் முழுவதும் வீட்டிலேயே உட்கார்ந்து துணி தைத்துக் கொடுக்கும் பெண்கள். பணக்காரப் பெண்மணிகள் தர்மம் செய்யாமல் இல்லை. ரொட்டியும் கரியும் பழைய துணியும் கொடுத்தார்கள். ஆனால் கொடுப்பவருக்கு அந்த வீட்டின் கணக்கு தெரியாது. நாள் முழுக்க உழைக்கும் ஒரு பெண்ணுக்கு ஏன் கூலி போதவில்லை, ஏன் அதே வீட்டில் திரும்பத் திரும்ப நோய் வருகிறது, சட்டப்படி அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டியது என்ன, இதெல்லாம் நல்ல மனசு மட்டும் இருந்தால் தெரிந்துவிடாது.

நம்ம பாஷையில சொல்லணும்னா, ஒரு மோட்டார் அடிக்கடி எரிஞ்சு போகுதுன்னு வைங்க. ஒவ்வொரு தடவையும் ரீவைண்டிங் பண்ணிக் கொடுத்தா மோட்டார் ஓடும், தப்பில்ல. ஆனா ஓவர்லோடா, வோல்டேஜ் பிரச்சினையா, பேரிங் போச்சான்னு பார்க்கத் தெரிஞ்ச ஒருத்தர் வேணும் இல்லையா? அதைப் பார்க்கத் தெரியணும்னா படிக்கணும்.

ஆலிஸுக்கு வழிகாட்டியாக இருந்தவர் ழானெட் ஷ்வேரின் என்ற பெண்மணி. 1899-ல் அவர் இறந்ததும் அந்தக் குழுவின் பொறுப்பு ஆலிஸ் கைக்கு வந்தது. வயது 27. அதே வருஷம் தன்னார்வப் பெண்களுக்காக ஒரு வருட முழுநேரப் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். ஜெர்மனியில் சமூகப் பணியை ஒரு தொழிலாகக் கற்பிக்கும் வேலை அங்கே இருந்துதான் தொடங்குகிறது என்று சொல்கிறார்கள்.

இங்கதான் கதையில ஒரு திருப்பம். மற்றவர்களுக்கு வகுப்பு எடுக்கும் ஆலிஸிடம் ஒரு டிகிரியும் இல்லை. டிகிரியை விடுங்க, பல்கலைக்கழகத்தில் சேரத் தேவையான பள்ளி இறுதித் தேர்வுகூட அவர் எழுதியதில்லை. பெண்கள் முறையான மாணவர்களாகச் சேர அந்த ஊரில் அனுமதியும் இல்லை. ஆனால் சமூகப் பிரச்சினைகளைப் பற்றி அவர் எழுதியவை வெளிவந்திருந்தன. அவற்றைப் பார்த்த சில பேராசிரியர்கள் அவருக்காகப் பேசினார்கள். 1902-ல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் விருந்தினர் மாணவியாக உட்கார இடம் கிடைத்தது. அவர் எடுத்தது பொருளாதாரம். அதுவும் ஏன்னா, பசிக்குப் பின்னால இருக்கிற கூலிக் கணக்கு புரியணும்.

1906-ல் முனைவர் பட்டம் வாங்கினார். ஆய்வின் தலைப்பு, ஆண்களின் வேலைக்கும் பெண்களின் வேலைக்கும் ஏன் சமமில்லாத கூலி கொடுக்கப்படுகிறது என்பது. சம்பளத்துக்கு வேலை பார்க்கவே அனுமதி இல்லாமல் வளர்ந்த ஒரு பெண், பெண்களின் சம்பளத்தைப் பற்றியே ஆராய்ச்சி செய்து டாக்டர் ஆகிவிட்டார்! நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்தத் தலைப்பு இன்னும் பழசாகல என்பதுதான் வருத்தம்.

1908-ல் பிரஷ்ய மாநிலம் பெண்களைப் பல்கலைக்கழகத்தில் முறையான மாணவர்களாகச் சேர்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டது. அதே வருஷம் அக்டோபரில் பெர்லினின் ஷோனெபெர்க் பகுதியில் ஆலிஸ் தன் பள்ளியைத் திறந்தார். பெண்களுக்கான சமூகப் பள்ளி. இரண்டு வருடப் படிப்பு. பொருளாதாரம், சட்டம், சுகாதாரம், குழந்தை வளர்ப்பு எல்லாம் பாடத்திட்டத்தில் இருந்தன. கூடவே களப் பயிற்சி. வகுப்பில் படித்ததைக் குடியிருப்புகளில் போய்ப் பார்க்க வேண்டும், அங்கே பார்த்ததை வகுப்பில் வந்து பேச வேண்டும். இன்னைக்கு எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிறவங்க வாரத்துல சில நாள் ஃபீல்ட் வொர்க்னு கிளம்புறாங்களே, அந்த ஏற்பாட்டோட வேர் இந்த மாதிரிப் பள்ளிகள்லதான் இருக்கு.

பள்ளி வளர்ந்தது. 1914-ல் அதற்குச் சொந்தக் கட்டடம் வந்தது. மற்ற ஊர்களிலும் இதே மாதிரிப் பள்ளிகள் முளைத்தன. 1917-ல் ஆலிஸ் அவற்றையெல்லாம் ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவந்தார். 1920-ல் பிரஷ்ய அரசு இந்தப் படிப்புக்குத் தேர்வு விதிகள் வகுத்து அங்கீகாரம் கொடுத்தது. பொழுதுபோக்கு தர்மமாக இருந்தது, தேர்வு எழுதிப் பெறும் வேலையாக மாறியது. ஏழைகளுக்கு உதவுவது கொடுப்பவரின் பெருந்தன்மையாக இல்லாமல் பெறுபவரின் உரிமையாக ஆக வேண்டும் என்றால், அதைச் செய்பவருக்கும் ஒரு பொறுப்பும் பயிற்சியும் சம்பளமும் வேண்டும். இந்த வரிசை எனக்கு இப்போதான் புரிஞ்சுது.

அமெரிக்காவில் மேரி ரிச்மண்ட் என்பவர் 1917-ல் சமூகப் பணியில் பிரச்சினையைக் கண்டறியும் முறை பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதியிருந்தார். அதில் இருந்து நிறையக் கற்றுக்கொண்டு, ஜெர்மனிக்குப் பொருந்துகிற மாதிரி 1926-ல் ஆலிஸ் தன் புத்தகத்தை எழுதினார். டாக்டர் நோயாளியைப் பார்ப்பது போல, ஒரு குடும்பத்தைப் பற்றி முடிவுக்கு வருவதற்கு முன் என்னென்ன கேட்க வேண்டும், எதை நம்பலாம், எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதுதான் விஷயம். 1929-ல் பல நாட்டுச் சமூகப் பணிப் பள்ளிகளும் சேர்ந்து ஒரு சர்வதேசக் குழு அமைத்தன. அதன் முதல் தலைவர் ஆலிஸ்.

வெளியில் இருந்து பார்த்தால் வெற்றிக் கதைதான். ஆனால் உள்ளே ஒரு வலி இருந்தது. ஜெர்மன் பெண்கள் இயக்கத்தின் பெரிய கூட்டமைப்பில் இருபது வருஷம் முக்கியப் பொறுப்பில் இருந்தவர் அவர். தலைவர் பதவிக்கு அவர் வர வேண்டிய நேரத்தில், யூதப் பெயர் உள்ள ஒருவர் தலைமையில் இருந்தால் எதிர்ப்பு வரும் என்று அமைப்புக்குள்ளேயே தயங்கினார்கள். அவர் 1914-லேயே கிறிஸ்தவராகியிருந்தார். அதுவும் கணக்கில் வரவில்லை. 1920-ல் அவர் அந்தப் பொறுப்பில் இருந்து விலகினார்.

1932-ல் அவருக்கு 60 வயது. பிரஷ்ய அரசு பதக்கம் கொடுத்தது. பெர்லின் பல்கலைக்கழகத்தின் மருத்துவத் துறை கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அவர் தொடங்கிய பள்ளிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அடுத்த வருஷம் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஒரே வருஷத்தில் எல்லாம் தலைகீழ். எல்லாப் பொறுப்புகளும் பறிபோயின. பள்ளியில் இருந்து அவர் பெயர் போனது. 1925-ல் அவர் பெண்களின் உயர்கல்விக்காகத் தொடங்கிய ஒரு கழகமும் இருந்தது. அதை நாஜிக்கள் கையில் கொடுப்பதைவிட, யூத ஆசிரியர்களை வெளியே அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போடுவதைவிட, 1933-ல் தானே அதைக் கலைத்துவிட்டார். கட்டினவங்களே இடிக்கறதுக்கு எவ்வளவு மனசு கனத்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இங்க ஒண்ணு மறைக்காம சொல்லணும். சமூகப் பணி முறையாகப் படித்தவர்களில் பலர் அந்த ஆட்சியிலும் தொடர்ந்து வேலை பார்த்தார்கள். 1933-ல் கட்டாயக் கருத்தடைச் சட்டம் வந்தது. யாருக்குக் குழந்தை பிறக்கக் கூடாது என்று அரசு முடிவு செய்தபோது, குடும்பங்களைப் பற்றி நலப் பணியாளர்கள் எழுதிய அறிக்கைகளும் அதற்குப் பயன்பட்டன. உதவி செய்வதற்காகக் கற்றுக்கொண்ட அதே கேள்வி கேட்கும் முறை, ஆள் பிடிக்கவும் பயன்பட்டது. நல்ல மனசு மட்டும் போதாதுன்னு ஆலிஸ் வாழ்க்கை முழுக்க சொன்னார். படிப்பு மட்டும் இருந்தாலும் போதாதுன்னு அவர் நாடு காட்டிடுச்சு. என் ஃப்ரெண்ட்ஸ் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் அவங்க பக்கமும் இருக்குன்னு அப்போதான் தோணுச்சு.

ஆலிஸ் அந்த வருஷங்களில் நாட்டை விட்டு வெளியேற வேண்டியவர்களுக்கு உதவிக்கொண்டிருந்தார். பல நாடுகளில் சமூகப் பணி எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்று ஆராய்ந்து ஒரு புத்தகமும் எழுதி முடித்தார். 1937-ல் அது வெளியானது. அதே வருஷம் ரகசியப் போலீஸ் அவரை விசாரணைக்குக் கூப்பிட்டது. மூன்று வாரத்துக்குள் நாட்டை விட்டுப் போகாவிட்டால் சித்திரவதை முகாம் என்று மிரட்டினார்கள். 65 வயதில் பெட்டியைக் கட்டிக்கொண்டு அமெரிக்கா போனார். 1939-ல் அவருடைய ஜெர்மன் குடியுரிமையைப் பறித்தார்கள். கூடவே டாக்டர் பட்டங்களையும் பறித்தார்கள். அத்தனை தடையைத் தாண்டி வாங்கின டிகிரி, ஒரு காகிதத்தில் இல்லாமல் போனது.

நியூயார்க்கில் அவருக்குப் பொருத்தமான வேலை எதுவும் அமையவில்லை. தன் வாழ்க்கைக் கதையை எழுதினார். அவர் உயிரோடு இருந்தவரை அதைப் பதிப்பிக்க ஆள் கிடைக்கவில்லை. 1944-ல் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. 1948 ஆகஸ்டில் அங்கேயே இறந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அந்த வாழ்க்கைக் கதை ஜெர்மன் மொழியில் புத்தகமாக வந்தது 1983-ல். 1990-களில் அவர் தொடங்கிய பள்ளிக்கு மறுபடியும் அவர் பெயர் வந்தது. இப்போது பெர்லினின் ஹெல்லர்ஸ்டோர்ஃப் பகுதியில் அது இயங்குகிறது. அதன் முன்னால் இருக்கும் சதுக்கத்துக்கும் அவர் பெயர்தான்.

நம்ம நாட்டுல இந்தப் படிப்பு 1936-ல் மும்பையில் டாட்டா அறக்கட்டளை உதவியோட ஆரம்பிச்சுது. சென்னையில் 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் ஒரு சமூகப் பணிப் பள்ளியைத் தொடங்கினார். அதுக்கெல்லாம் ஆலிஸ்தான் காரணம்னு நான் சொல்ல வரல. ஆனா அந்த வரிசையில ரொம்ப முன்னாடி நின்னவங்கள்ல அவரும் ஒருத்தர். எம்.எஸ்.டபிள்யூ. சேர எந்த டிகிரி முடிச்சிருந்தாலும் பொதுவா விண்ணப்பிக்கலாம், எஞ்சினியரிங் உட்பட. இது தெரியாதவங்களுக்காகச் சொல்றேன்.

மெஸ்ஸுல கேட்ட கேள்விக்கு இப்போ என்கிட்ட ஒரு பதில் இருக்கு. உதவி செய்ய டிகிரி வேண்டாம். ஆனா, ஏன் உதவி தேவைப்படுதுன்னு கண்டுபிடிக்கப் படிப்பு வேணும். அந்தப் படிப்பை யாருக்காகப் பயன்படுத்தணும்னு தெரிஞ்சுக்க மனசு வேணும். ரெண்டுல ஒண்ணு குறைஞ்சாலும் ஆபத்துதான்.

ஆஃபர் லெட்டர் என் மெயில்ல அப்படியே இருக்கு. பக்கத்து டேப்ல அப்ளிகேஷன் ஃபார்ம் பாதி நிரப்பி வச்சிருக்கேன். அப்பாகிட்ட இன்னும் சொல்லல. கல்விக் கடன் அவர் பேர்லயும் இருக்கு. அதனால அவர் கோபப்பட்டா அதுலயும் நியாயம் இருக்கும். இந்த வாரம் ஊருக்குப் போறேன். எதுக்கு டிகிரின்னு அவரும் கேட்பார். எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னு மட்டும் முடிவு பண்ணிட்டேன். 1893, பெர்லின், 21 வயசுல ஒரு பொண்ணு.