பூமியின் நடுவை மேசையிலிருந்தே கண்டவர்



நம் வளாகத்து போர்வெல் எவ்வளவு ஆழம் என்று கேட்டால் சில நூறு அடி என்போம். ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில், ஆய்வுக்கென்றே உலகின் மிக ஆழமான துளையைப் போட்டார்கள். அதுவும் 12 கிலோமீட்டர் சொச்சத்தோடு நின்றுவிட்டது. பூமியின் மையமோ ஏறத்தாழ 6,370 கிலோமீட்டர் கீழே இருக்கிறது. யாரும் போகாத அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது? அதற்கு இங்கெ லேமன் என்ற பெண்மணியின் கதையைக் கேட்க வேண்டும்.

1888 மே 13-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பிறந்தார் லேமன். அவர் படித்த பள்ளியை நடத்தியவர் ஹன்னா ஆட்லர், இயற்பியல் மேதை நீல்ஸ் போரின் பெரியம்மா. அங்கே பையன்களும் தையல் கற்றார்கள், பெண்களும் கால்பந்து ஆடினார்கள். வெளியுலகம் அப்படி இல்லை என்பதை லேமன் பிறகுதான் அறிந்தார்.

கணிதம் படிக்க 1910-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குப் போனார். அளவுக்கு மீறிய உழைப்பால் உடல்நலம் கெட்டு, படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். பிறகு பல வருடம் காப்பீட்டுக் கணக்கு அலுவலகத்தில் வேலை. மறுபடி கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கும்போது வயது 32. நிலநடுக்க ஆய்வுக்குள் வந்தது 37 வயதில். டென்மார்க்கிலும் கிரீன்லாந்திலும் நிலநடுக்கமானிகளை நிறுவும் வேலையில் உதவியாளராகச் சேர்ந்தார். 1928-ல் அந்தத் துறைக்கே தலைவரானார்.

நிலநடுக்கத்துக்கும் பூமியின் மையத்துக்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? தர்பூசணி வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோம் அல்லவா, அதுதான் இங்கேயும். நிலநடுக்கம் என்பது பூமிக்கு விழும் ஒரு தட்டு. அதன் அலைகள் உள்ளே ஊடுருவி, வழியில் உள்ள பொருளுக்கேற்ப வேகம் மாறி, வளைந்து, மறுபக்கம் வெளியே வரும். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றி, 1897 அசாம் நிலநடுக்கத்தை ஆராய்ந்த ஓல்டாம், 1906-ல் இந்த வழியில்தான் பூமிக்குள் தனியாக ஒரு கரு இருக்கிறது என்று காட்டினார். அந்தக் கரு உருகிய நிலையில் இருப்பதாகப் பின்னர் தெரிந்தது. அது அலைகளை வளைத்துவிடுவதால், பூமியின் மறுபக்கத்தில் ஒரு வளையப் பகுதிக்கு நேரடி அலைகள் வராது. அதை நிழல் பகுதி என்பார்கள்.

1929 ஜூன் 17-ல் நியூசிலாந்தில் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டது. அலை வரக்கூடாத நிழல் பகுதியில், சோவியத் நாட்டு நிலையங்களில் மெல்லிய அதிர்வுகள் பதிவாகின. கருவின் விளிம்பில் சிதறி வந்த அலைகளாக இருக்கலாம் என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். லேமனுக்கு அது சரியாகப் படவில்லை. ஓட்ஸ் வந்த அட்டைப் பெட்டிகளில் குறிப்பு அட்டைகளை அடுக்கிவைத்து, எந்த அலை எங்கே எத்தனை மணிக்கு வந்தது என்று ஒப்பிட்டார். கணினி இல்லாத காலம். எல்லாம் கைக்கணக்கு.

கடைசியில் ஒரே ஒரு விளக்கம் பொருந்தியது. உருகிய கருவுக்குள் இன்னொரு உருண்டை இருக்கிறது, அதில் பட்டுத் திரும்பும் அலைகளே நிழல் பகுதிக்கு வருகின்றன. இதை 1936-ல் வெளியிட்டபோது அவருக்கு வயது 48. சில ஆண்டுகளுக்குள் துறையின் பெரியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். சுமார் 5,150 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்கும் அந்த உட்கரு கெட்டியானது என்பது 1971-ல் உறுதியானது. அந்தச் செய்தியைக் கேட்க லேமன் உயிரோடு இருந்தார்.

1953-ல் ஓய்வு பெற்றும் அவர் வேலையை விடவில்லை. நமக்கு இன்னும் அருகில், சுமார் 220 கிலோமீட்டர் ஆழத்தில் அலைகளின் வேகம் மாறும் ஓர் எல்லையைக் காட்டினார். அதற்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள். 1971-ல் அமெரிக்கப் புவியியற்பியல் சங்கத்தின் போவி பதக்கத்தைப் பெற்ற முதல் பெண் அவர். நூறை நெருங்கும் வயதிலும் ஒரு கட்டுரை எழுதி வெளியிட்டார். 1993-ல், 104 வயதில் மறைந்தார்.

படிப்போ வேலையோ இடையில் நின்றுபோன பலர் நம் வளாகத்திலும் உண்டு. ஓய்வுபெற்று, இனி என்ன என்று யோசிப்பவர்களும் உண்டு. லேமனுக்கு இவை இரண்டுமே நேர்ந்தன. பாதியில் விட்டதை அவர் மறுபடி எடுத்தார், ஓய்வுக்குப் பிறகும் நாற்பது வருடம் வாழ்ந்தார். அடுத்த முறை தர்பூசணி வாங்கும்போது உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே இந்தக் கதையையும் சொல்லுங்கள்.