கர்னல் பெடோம்

மலை மண்ணுள் மறைந்து வாழும் ஒரு சிற்றுயிரை உலகறியச் செய்த பெரியாரொருவரின் சரித்திரத்தை நாம் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ரிச்சர்டு ஹென்றி பெடோம் 1830ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் பிறந்தார். வக்கீல் தொழிலுக்கெனப் பயிற்றப்பட்ட அவர், அதனை விடுத்து, 1848இல் படையிற் சேர்ந்து இந்தியா போந்தார். 1857இல் சென்னை மாகாண வன இலாகாவில் கிளெக்ஹார்ன் துரைக்கு உதவியாளராக அமர்ந்தார். 1860 முதல் 1882 வரை அதன் தலைமை அதிகாரியாய் விளங்கினார். தென்னாட்டு மரங்களையும் பெரணிகளையும் பற்றி அவர் இயற்றிய நூல்கள் புகழ் பெற்றவை.

காடு காத்த அக்கண்கள் காலடி மண்ணையும் நோக்கின. சேர்வராயன் மலையிலுள்ள கேடயவால் பாம்பொன்றை 1863இல் அவர் தனியினமென விவரித்து, ஷார்ட் என்னும் வைத்தியரின் பெயரை அதற்கு இட்டார். அது நஞ்சற்றது, தலையால் மண்ணைத் துளைத்துச் சென்று மண்புழுவை உண்பது, முட்டையிடாது குட்டி ஈனுவது. அதன் வால் நுனியோ வெட்டுண்டதுபோலத் தோன்றும்.

பின்வந்த அறிஞர் அதனைத் தனியினமென ஒப்பாது, மேற்கு மலைத்தொடரின் வேறோர் இனத்துடன் சேர்த்துவிட்டனர். பெடோம் 1911இல் காலமானார். 2014இல் இந்நாட்டு ஆராய்ச்சியாளர் அப்பாம்பை மீண்டும் நுணுகி ஆராய்ந்து, அது தனியினமே என நிலைநாட்டினர்.

மெய்யாகக் கண்டெழுதிய சொல் நூற்றைம்பது ஆண்டு கழிந்தும் அழியாதென்பதை மாணாக்கர் இதனால் உணர்வாராக. பாம்பென்றவுடன் கோலெடுக்குமுன், அது யாதெனச் சற்று நின்று நோக்கவும் நாம் கற்போமாக.