புத்தளம் முதல் பாவாதமலை வரை: இப்னு பதூதா நடந்த வழி

ஞாயிறு அதிகாலையில் களனிப் பாலத்தைக் கடந்து பேலியகொடை, வத்தளை வழியே நீர்கொழும்பை நோக்கிச் செல்லும் துவிச்சக்கர வண்டிகளை அண்மைக் காலமாக அடிக்கடி காண முடிகின்றது. தார் வீதியில் மட்டுமன்றி, தென்னந்தோப்புகளுக்கிடையே செல்லும் கிரவல் வீதிகளிலும் மலைச்சரிவுகளின் ஒற்றையடிப் பாதைகளிலும் வண்டி ஓட்டுவதை இன்றைய இளைஞர் ஒரு கலையாகவே வளர்த்து வருகின்றனர். கடலோரமும் குன்றுகளும் இத்துணை நெருக்கமாக அமைந்த நாடு அவர்களுக்கு வாய்த்தது நற்பேறு என்றே சொல்ல வேண்டும். இதே கடலோரத்தையும் இதே குன்றுகளையும் ஏறத்தாழ 680 ஆண்டுகளுக்கு முன்னர் கால்நடையாகவும் பல்லக்கிலுமாகச் சுற்றிவந்த ஒரு மனிதரைப் பற்றி நம் இளைஞர் பலர் பாடநூலில் ஒரு வரியாக மட்டுமே அறிந்திருக்கின்றனர். அவரே இப்னு பதூதா.

1304ஆம் ஆண்டு மொரோக்கோவின் தஞ்சியர் நகரில், காழிகளைத் தந்த பெர்பர் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். 1325ஆம் ஆண்டு, இருபத்தொரு வயதில், பெற்றோரைப் பிரிந்து ஹஜ்ஜுக்காகத் தனியே புறப்பட்டார். அந்தப் பயணம் முடிந்து அவர் மீண்டும் தாயகம் திரும்பியது 1349ஆம் ஆண்டில்தான். இடையே டில்லி சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கின் கீழ் பல ஆண்டுகள் காழியாக இருந்தார். சுல்தானின் தூதுவராகச் சீனாவுக்கு அனுப்பப்பட்டபோது கோழிக்கோட்டில் புயலில் கப்பல்களை இழந்தார். வெறுங்கையுடன் டில்லி திரும்ப அஞ்சி மாலைதீவுக்குச் சென்று, அங்கும் காழியாகி, ஆட்சியாளருடன் பிணக்குற்று 1344ஆம் ஆண்டு வெளியேறினார். மஃபர் எனப்பட்ட தமிழகக் கரைக்குச் செல்வதே அவரது எண்ணம். வழி தவறிய கப்பல் ஒன்பது நாட்களின் பின் இலங்கைக் கரையை அடைந்தது. தொலைவில் புகைத்தூண் போல நின்ற மலையை முதலில் கண்டதாக அவர் பதிவு செய்துள்ளார்.

கப்பலோட்டிகள் கரையிறங்க அஞ்சினர். அக்கரையை ஆண்டவர் ஆரியச் சக்கரவர்த்தி, யாழ்ப்பாண இராச்சியத்தின் தமிழ் மன்னர். அவருடைய மரக்கலங்கள் கடலில் கொள்ளையிடுவதாக வணிகரிடையே பேச்சு இருந்தது. இப்னு பதூதாவோ தன்னை மட்டும் இறக்கிவிடும்படியும் அபயம் பெற்று வருவதாகவும் கூறி இறங்கினார். இறங்கிய இடம் புத்தளம். மரத்தாலான மதிலும் காவற் கோபுரங்களும் சூழ்ந்த சிறிய நகர். ஆறுகள் அடித்துவந்த கறுவாக் கட்டைகள் கரையெங்கும் குவிந்து கிடந்தன. மலபார், தமிழகக் கரைகளிலிருந்து வந்தோர் மன்னருக்குத் துணிமணிகளைக் கொடுத்துவிட்டு அவற்றை விலையின்றி எடுத்துச் சென்றனர்.

மன்னர் பாரசீக மொழியைப் புரிந்துகொண்டார் என்பது இங்கு நின்று கவனிக்க வேண்டிய செய்தி. தமிழ் மன்னர் ஒருவரும் மொரோக்கோ நாட்டு ஆலிம் ஒருவரும் புத்தளத்தில் அமர்ந்து பாரசீகத்தில் உரையாடினர். இந்து சமுத்திர வணிகத்தின் பொதுமொழிகளுள் ஒன்றாக அன்று பாரசீகம் விளங்கியது. 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டுச் சீனத் தளபதி செங் ஹே காலியில் நாட்டிய கல்வெட்டும் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழியிலேயே அமைந்தது. கொழும்பு தேசிய நூதனசாலையில் இன்றும் அதனைக் காணலாம்.

மூன்று நாட்கள் விருந்தினராக இருந்த இப்னு பதூதாவிடம், வேண்டுவதைக் கேட்கும்படி மன்னர் கூறினார். எதிரே முத்துக்கள் குவிந்திருந்தன. ஆதம் நபியின் பாதத்தைத் தரிசிக்க வேண்டும் என்பதைத் தவிர அவர் வேறொன்றும் கேட்கவில்லை. மன்னர் பல்லக்கு ஒன்றை அளித்தார். ஆண்டுதோறும் அம்மலைக்கு யாத்திரை செல்லும் நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், வேறு பத்துத் தோழர்கள், உணவு சுமக்கப் பதினைந்து பேர் என ஒரு கூட்டத்தையே உடன் அனுப்பினார். அவர் திரும்பும்வரை கப்பல் புத்தளத்தில் காத்து நின்றது.

நாம் சிவனொளிபாதமலை என்றும், முஸ்லிம்கள் பாவாதமலை என்றும், பௌத்தர்கள் ஸ்ரீபாத என்றும் வழங்கும் அந்த 2,243 மீற்றர் உயர மலைக்கு ஒரு முஸ்லிம் யாத்திரிகரை வழிநடத்தியவர்கள் யோகிகளும் பிராமணர்களும் ஆவர். இதற்கு விளக்கம் தேவையில்லை.

முதல் நாள் மூங்கில் தெப்பத்தில் ஓர் ஆற்றைக் கடந்தனர். பின்னர் சிலாபம், அதன் பின்னர் காடும் குன்றுகளும் நீர்ப்பெருக்கும். பாதையில் யானைகள் மிகுதி. தாவிப் பற்றும் அட்டைகளைப் பற்றி அவர் எழுதியிருப்பதை, மழைக்காலத்தில் இரத்தினபுரி வழியே மலையேறியோர் எவரும் சிரிப்பின்றி வாசிக்க முடியாது. ஊரார் எலுமிச்சம்பழத்தைத் தயாராக வைத்திருந்து, அட்டை பற்றிய இடத்தில் அதன் சாற்றைப் பிழிந்தனராம். நம் மலையகத்தில் அந்தக் கைமருந்து இன்னும் மறக்கப்படவில்லை.

அவர் குணக்கார் என்று குறிப்பிடும் சிங்கள அரசரின் நகர் குருநாகலா, கம்பளையா என்பதில் அறிஞர் ஒருமிக்கவில்லை. அந்நகரில் ஷீராஸ் நாட்டு ஷைகு உதுமானின் பள்ளிவாசல் இருந்தது. அரசரும் மக்களும் அவரைத் தேடிச்சென்று மரியாதை செய்தனர். அதே பெரியார் ஒரு பசுவை அறுத்தமைக்காகக் கையும் காலும் துண்டிக்கப்பட்டிருந்தார். சட்டப்படி அதற்கு மரண தண்டனை. மதிப்புக் கருதித் தண்டனையைக் குறைத்து, சந்தையொன்றின் வரி வருமானத்தையும் அவருக்கு வழங்கினர். அக்காலத்தைப் பொற்காலமாகப் பாடுவோர் இச்செய்தியை விட்டுவிடுவது வழக்கம். மரியாதையும் கொடுமையும் ஒரே நகரில் ஒரே மனிதர்மீது நிகழ்ந்தன. இரண்டையும் இப்னு பதூதா மறைக்காது எழுதினார்.

மலைக்கு இரு வழிகள்: பாபா வழி, மாமா வழி. முன்னது ஆதமின் பெயரால், பின்னது ஹவ்வாவின் பெயரால். எளிதான மாமா வழியே ஏறியவரை யாத்திரை செய்தவராக எவரும் கருதுவதில்லை, அது இறங்குவதற்குரியது. கடினமான பாபா வழியில் பாறையில் படிகள் வெட்டி, பற்றி ஏறப் பத்து இரும்புச் சங்கிலிகளைப் பொருத்தியிருந்தனர். பத்தாவது சங்கிலிக்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அங்கு நின்று கீழே பார்ப்பவர் தலைசுற்றி, விழுந்துவிடுவோம் என்ற அச்சத்தில் கலிமாவை மொழிவதால் வந்த பெயர் அது. கிள்று நபியின் பெயரால் அமைந்த குகையில் மூன்று நாட்கள் தங்கி, வழக்கப்படி காலையும் மாலையும் பாதத்தைத் தரிசித்து மாமா வழியே அவர் இறங்கினார்.

திரும்பும் வழி தென்கரையோரமாக அமைந்தது. தெவிநுவரவில் ஆயிரம் பிராமணரும் யோகியரும் வாழ்ந்த பெருங்கோயிலைக் கண்டார். 1588ஆம் ஆண்டு போர்த்துக்கீசர் அழித்த கோயில் அதுவே. காலியில் இப்ராஹீம் என்னும் மாலுமி விருந்தளித்தார். அங்கிருந்து கொழும்பு. இலங்கையின் மிகச் சிறந்த, மிகப் பெரிய நகர்களுள் ஒன்று என அதனைக் குறித்த அவர், ஜாலஸ்தி என்ற கடலதிபதி ஏறத்தாழ 500 அபிசீனிய வீரர்களுடன் அங்கிருந்ததாகவும் எழுதினார். கொழும்பிலிருந்து மூன்று நாட்களில் புத்தளம் சேர்ந்தார். களனியின் பெயர் அவர் நூலில் இல்லை. ஆயினும் கொழும்பிலிருந்து வடக்கே தரைவழி செல்வோர் அந்த ஆற்றைக் கடக்காமல் செல்ல இயலாது. அவர் ஏறிய மலைத்தொடரில் ஊற்றெடுத்து 145 கிலோமீற்றர் ஓடிவந்து முகத்துவாரத்தருகே கடலில் கலக்கும் ஆறு அது. 1822ஆம் ஆண்டு பாலத்துறையில் படகுப் பாலம் அமையும்வரை அதனைத் தோணியிலேயே கடந்தனர்.

இலங்கையை விட்டுப் புறப்பட்ட கப்பல் தமிழகக் கரையருகே உடைந்தது. கரையேறியவர் மதுரைச் சுல்தான் கியாஸுத்தீனிடம் சென்றார். சுல்தான் அவருக்கு மைத்துனர் முறை. எனினும் அச்சுல்தான் இந்துக் கைதிகளைக் கழுவேற்றி, அவர்தம் பெண்டிர் பிள்ளைகளையும் கொன்றதைக் கண்டு மனம் வெதும்பி, எந்த மன்னரிடமும் காணாத இழிசெயல் எனவும், அதனாலேயே இறைவன் அவரது முடிவை விரைவுபடுத்தினான் எனவும் எழுதிவைத்தார். புத்தளத்தின் இந்து மன்னரைப் புகழ்ந்த அதே பேனா தன் சமயத்தைச் சேர்ந்த உறவினரை இவ்வாறு கண்டித்தது. காழியாக அமர்ந்து பழகிய கை அது.

மலபார்க் கரையில் கடற்கொள்ளையர் அவரை மறித்தனர். ஆரியச் சக்கரவர்த்தி அளித்த முத்துக்களும் மாணிக்கங்களும் பறிபோயின. உடுத்த காற்சட்டை மட்டும் மிஞ்சியது. அதன்பின் சீனம் வரை சென்று 1349இல் ஊர் திரும்பியபோது, சில மாதங்களுக்கு முன்னரே தாயார் கொள்ளை நோயால் இறந்துவிட்டிருந்தார். மாலி நாட்டுக்கும் சென்று மீண்டபின், மொரோக்கோ சுல்தானின் ஆணைப்படி இப்னு ஜுஸை என்ற எழுத்தருக்குத் தம் நினைவுகளைச் சொல்ல, 1355ஆம் ஆண்டு நூல் நிறைவுற்றது. எஞ்சிய காலத்தை அவர் மொரோக்கோவிலேயே காழியாகக் கழித்தார்.