முதலிடம் கல்விக்கே

உடலுக்கு உரம் தருவது விளையாட்டு; உள்ளத்திற்கு ஒளி தருவது கல்வி. இரண்டும் மாணவர்க்கு வேண்டுவனவே. எனினும், கல்விச்சாலை ஒன்றில் இவற்றுள் எது தலைமை பெறுதல் வேண்டும்? இவ்வினாவிற்குத் தம் செயலால் விடை கூறிய அறிஞர் ஒருவர் அமெரிக்க நாட்டில் வாழ்ந்தார். அவரே இராபர்ட் ஹட்சின்ஸ் ஆவார்.

அவர் 1899ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 17ஆம் நாள், நியூயார்க் நகரின் பகுதியாகிய புரூக்ளினில் பிறந்தார். அவர்தம் தந்தையார் கிறித்தவ சமய குரு. முதல் உலகப்போரின்போது ஹட்சின்ஸ் இத்தாலி நாட்டில் காயமுற்ற வீரர்க்குத் தொண்டு புரிந்தார். போர் முடிந்தபின் ஏல் பல்கலைக்கழகத்திற் கற்று, முப்பது வயது நிரம்புமுன்னரே அங்குச் சட்டக் கல்லூரித் தலைவராயினார். 1929ஆம் ஆண்டில் சிக்காகோ பல்கலைக்கழகம் அவரைத் தன் தலைவராக ஏற்றது. அப்போது அவருக்கு வயது முப்பதே.

அப்பல்கலைக்கழகம் கால்பந்தாட்டத்தில் பெரும்புகழ் பெற்றிருந்தது. அமெரிக்கக் கால்பந்து, பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்பெறுவது. ஸ்டாக் என்னும் ஆசிரியர் 1892 முதல் 1932 வரை அங்கு அவ்வாட்டத்தைப் பயிற்றினார். அவர் பெயராலேயே பெரியதோர் ஆடுகளமும் விளங்கிற்று. ஆனால், நாளடைவில் அந்நாட்டில் அவ்வாட்டம் வாணிகம் போல் ஆயிற்று. கல்வியில் நாட்டமில்லாரையும் தோள்வலிமை கருதிப் பொருள் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் பரவியது.

ஹட்சின்ஸ் இதனை வெறுத்தார். கற்பதற்கென வருவோர் கல்வியால் மதிக்கப்பெறல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1931இல் அங்குப் புதிய பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. வகுப்பிற்கு வருமாறு மாணவரை வற்புறுத்தாமல், அவர் பெற்ற அறிவை முழுமையான தேர்வுகளால் அளந்தறிவதே அதன் சிறப்பு.

படிப்புக் கடுமையாயிற்று, ஆட்டத்தில் வெற்றி குறைந்தது. 1939ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 85 புள்ளிகள் பெற்றபோது சிக்காகோ ஒரு புள்ளியும் பெறவில்லை. அந்நிலையில் இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று, பிறரைப்போல் ஆட்டக்காரரைப் பொருளால் ஈர்த்தல். மற்றொன்று, அப்போட்டியினின்று விலகுதல். விலகினால் பழைய மாணவர் சினப்பர், நன்கொடை குறையும் என்று அஞ்சியோர் பலர். ஹட்சின்ஸ் அஞ்சவில்லை. அவ்வாண்டு டிசம்பர்த் திங்களில், ஆட்சிக்குழுவின் இசைவோடு, பிற பல்கலைக்கழகங்களோடு கால்பந்துப் போட்டியிடுதலை நிறுத்தினார். ஆயினும், மாணவர் தம்முள் ஆடும் ஆட்டங்களையும் உடற்பயிற்சியையும் அவர் விலக்கினாரல்லர்.

பின்னர் நிகழ்ந்தது வியப்பிற்குரியது. கைவிடப்பட்ட அவ்வாடுகளத்துப் பார்வையாளர் படிக்கட்டுகளின் கீழேதான், 1942ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், பெர்மி என்னும் அறிவியலறிஞர் அணுவின் ஆற்றலை அடக்கி வெளிப்படுத்தும் முதற்சோதனையில் வெற்றி கண்டார். அக்களம் இருந்த இடத்தில் 1970இல் பெரிய நூலகம் ஒன்று எழுந்தது.

ஹட்சின்ஸ் 1951இல் சிக்காகோவை விட்டு நீங்கினார். 1969இல் கால்பந்துப் போட்டி அங்கு மீண்டது. ஆனால், கல்விக்கு அடங்கிய மாணவர் விளையாட்டாகவே மீண்டது. அவ்வறிஞர் 1977ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள் இயற்கை எய்தினார்.

மாணவர்களே! மாலையில் மகிழ்ந்து விளையாடுங்கள். ஆனால், ஒரு கல்விச்சாலையின் பெருமையை அது வென்ற கோப்பைகளைக் கொண்டு மட்டும் அளவிடாதீர்கள். அங்கு நூல்கள் ஆர்வத்தோடு கற்கப்படுகின்றனவா, ஐயங்கள் அச்சமின்றி வினவப்படுகின்றனவா என்று நோக்குங்கள். ஹட்சின்ஸ் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் நெறி இதுவே.