படுக்கையில் படுத்தே வட்டத்தை அளந்தவர்

பிரெஞ்சு தேசத்தில் லா ஹே என்று ஒரு சிற்றூர். அங்கே 1596-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி ரெனே டேகார்ட் பிறந்தார். இப்போது அந்த ஊருக்கே டேகார்ட் என்றுதான் பெயர்.

குழந்தைக்கு ஒரு வயது கடந்த சமயம் தாயார் இறந்துபோனார். பிள்ளை நோஞ்சான். வறட்டு இருமல் வேறு. நெடுநாள் தாங்காது என்று வைத்தியர்கள் கையை விரித்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் விடியலில் எழ வேண்டும். டேகார்டுக்கு மட்டும் காலையில் படுத்திருக்க அனுமதி கிடைத்தது. அந்தப் பழக்கம் கடைசிவரை போகவில்லை. சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். படுத்தபடியே அவர் மூளை வேலை செய்தது.

சட்டம் படித்தார்; பட்டாளத்தில் சேர்ந்தார்; ஊர் ஊராகச் சுற்றினார். பிறகு 1628-ல் ஹாலந்து தேசத்தில் குடியேறினார்.

ஈயும் கயிறும்

கூரையில் ஊர்ந்த ஈயைப் பார்த்து, அது நிற்கும் இடத்தை இரண்டு எண்களால் சொல்லலாமே என்று அவருக்குத் தோன்றியதாக ஒரு கதை உண்டு. ரசமான கதைதான். ஆனால் அவர் எழுதியவற்றில் அந்த ஈயைக் காணோம்!

அவர் கண்டது என்ன? வாசலில் ஒரு முளை அடியுங்கள். 5 அடிக் கயிற்றை அதில் கட்டி, மறுமுனையைப் பிடித்துச் சுற்றி வாருங்கள். தரையில் வட்டம் விழும். இனி முளையிலிருந்து நேர் கிழக்கே 3 அடி, அங்கிருந்து வடக்கே 4 அடி நடந்தால், சரியாக வட்டத்தின் மேல் நிற்பீர்கள். மூன்று மூன்று 9. நாலு நாலு 16. கூட்டினால் 25. கயிற்றின் நீளம் 5. ஐந்தைந்து அதே 25!

கிழக்கே 4, வடக்கே 3 போனாலும் 25தான். மேற்கே, தெற்கே நடந்தாலும் மாறாது. வட்டத்துக்குள் நின்றால் 25-க்குக் குறையும். வெளியே போனால் கூடும். பக்கவாட்டில் நடந்த தூரம் எக்ஸ், மேலும் கீழும் நடந்த தூரம் ஒய் என்று வைத்தால், எக்ஸ் வர்க்கமும் ஒய் வர்க்கமும் சேர்ந்து 25. வட்டம் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது!

முளையை மட்டும் 2 அடி கிழக்கே தள்ளி அடித்தால்? பழைய இடத்திலிருந்தே அளந்து, எக்ஸில் 2-ஐக் கழித்துவிட்டு வர்க்கம் போட வேண்டும். அவ்வளவுதான்.

அதுவரை படம் போடுவதும் எண்ணால் கணக்குப் போடுவதும் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பாக இருந்தன. டேகார்ட் ஒரே அடுப்பாக்கினார். 1637-ல் லெய்டன் நகரில் இதை அச்சிட்டார். புத்தகத்தில் தம் பெயரைப் போடவில்லை. படிப்பவர்களே கண்டுபிடித்து மகிழட்டும் என்று பல விளக்கங்களை வேண்டுமென்றே விட்டுவிட்டார். கொஞ்சம் கர்வம்தான்!

அதே காலத்தில் பெர்மா என்ற பிரெஞ்சு வழக்கறிஞரும் தனியாக இதே வழியைக் கண்டிருந்தார். அவர் எழுதியது அச்சேறியது 1679-ல், அவர் இறந்த பிறகு. இன்று பள்ளிப் பிள்ளைகள் கட்டத்தாளில் போடும் குறுக்குக் கோடும் நெடுக்குக் கோடும் பின்னால் வந்தவர்கள் செப்பனிட்டவை.

புகழ் வந்த கையோடு துக்கமும் வந்தது. 1640-ல் அவருடைய ஒரே மகள் பிரான்சீன், 5 வயதில், காய்ச்சலில் இறந்தாள்.

ராணியின் அழைப்பு

1649-ல் சுவீடன் ராணி கிறிஸ்டினா தமக்குப் பாடம் சொல்லித்தர அவரை அழைத்தார். ராணிக்கு வயது 22. டேகார்ட் தயங்கித் தயங்கிக் கப்பல் ஏறினார்.

ராணி குறித்த நேரம் அதிகாலை 5 மணி! ஆயுள் முழுவதும் வெயில் ஏறிய பிறகே எழுந்தவர், சுவீடன் தேசத்துப் பனிக்காலத்தில், இருட்டில் அரண்மனைக்குப் போனார். சில வாரங்களில் நிமோனியா கண்டது. 1650 பிப்ரவரி 11-ந் தேதி காலமானார். வயது 53.

16 ஆண்டுகள் கழித்து எலும்புகளைப் பிரான்சுக்குக் கொண்டுபோனார்கள். மண்டை ஓடு மட்டும் அவற்றுடன் போகவில்லை. பல கை மாறி, 19-ம் நூற்றாண்டில்தான் அது பாரிஸ் வந்து சேர்ந்தது.